கண்புரை ஆபரேஷன் செய்து 10 வருஷம் ஆச்சு... திரும்பவும் பார்வை மங்குவது ஏன்? லென்ஸ் மேல் பழி போடும் முன் இதைப் படிங்க!

“ஆபரேஷன் பண்ண புதுசுல பளிச்சுனு தெரிஞ்சுது. இப்போ பஸ் போர்டுல இருக்கறது 23-ஆ 28-ஆன்னே தெரியல. உள்ள வச்ச லென்ஸ் கெட்டுப்போச்சோ?”

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆபரேஷன் முடிந்து எட்டு, பத்து, பதினைந்து வருஷம் ஓடியிருக்கும். அதுவரை பெரிதாகப் பிரச்னை இருந்திருக்காது. மெல்ல மெல்ல எழுத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒன்று தெரிய ஆரம்பிக்கும். பேப்பரில் ‘ன’ எது, ‘ண’ எது என்று தடுமாற்றம் வரும். ராத்திரியில் எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட் கோடு கோடாக இழுபடும்.

இங்கே இரண்டு விதமாக விஷயம் கெட்டுப்போகிறது. “வயசாச்சு, இனி இவ்வளவுதான்” என்று பேப்பர் படிப்பதையே விட்டுவிடுகிறார் ஒருவர். அவரைப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் பண்ணாலும் கொஞ்ச வருஷத்துல இப்படித்தான் ஆகும்போல” என்று தன் கண்புரையை முற்ற விடுகிறார் பக்கத்து வீட்டுக்காரர். பல நேரங்களில் இரண்டு பேருடைய முடிவும் தப்பு. மங்கலுக்குக் காரணம் உள்ளே வைத்த லென்ஸாக இல்லாமல், கண்ணின் முன்பக்கம் இருக்கும் கருவிழியாக இருக்கலாம். அப்படியென்றால் அதைச் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. புதிய கண்ணாடி போதும்.

கருவிழியில் அப்படி என்னதான் மாறுகிறது? அது ஆபரேஷனால் வருகிறதா, வயதால் வருகிறதா?

முதலில், உள்ளே வைத்த லென்ஸ் கெட்டுப்போகுமா?

செயற்கை லென்ஸின் கதை 1949-ல் லண்டனில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடிக் கூரையின் அக்ரிலிக் துண்டுகள் பாய்ந்திருந்தன. கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தார் டாக்டர் ஹெரால்டு ரிட்லி. அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். இன்று வைக்கப்படும் மடிக்கக்கூடிய லென்ஸ்கள் அதன் வாரிசுகள்தான்.

இந்த லென்ஸ்களின் பவர் வருஷம் ஓட ஓட மாறாது. லென்ஸே மங்கிப்போவது மிக அரிது. ஒருமுறை புரையை எடுத்துவிட்டால் புரை திரும்பவும் வளராது. ஆக, லென்ஸ் அப்படியே இருக்கிறது. ஆனால், அதற்கு முன்னால் இருக்கும் கருவிழி உயிருள்ள திசு. அது அப்படியே இருப்பதில்லை.

கண்ணின் மொத்த பவர் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் ஏறக்குறைய 43 டயாப்டர் கருவிழியுடையது. அதாவது வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிதான் பார்க்கிறது. அதனால், அதன் வளைவில் சின்ன மாற்றம் வந்தாலும் பார்வையில் தெரியும்.

அஸ்டிக்மாட்டிசம்... கரண்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்

குழம்பு ஊற்றும் குழிக்கரண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே அளவு வளைவு. அடுத்து சாப்பிடும் ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் வளைவு குறைவு, அகலவாக்கில் வளைவு அதிகம். கருவிழி குழிக்கரண்டி மாதிரி இருந்தால் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும். ஸ்பூன் மாதிரி இருந்தால் ஒரு திசையில் வரும் வெளிச்சம் ஓரிடத்திலும், குறுக்குத் திசையில் வருவது இன்னோரிடத்திலும் குவியும். இதுதான் அஸ்டிக்மாட்டிசம். தமிழில் சிதறல் பார்வை என்றும் சொல்கிறார்கள். கண்ணாடிக் கடையில் “சிலிண்டர் பவர் இருக்கு” என்று சொன்னால் அது இதுதான்.

இதை நோய் என்று சொல்ல முடியாது. ஓரளவு சிதறல் கிட்டத்தட்ட எல்லோர் கண்ணிலும் உண்டு. அரை டயாப்டர் அளவில் இருந்தால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. 1 டயாப்டரைத் தொடும்போதுதான் பெரும்பாலானோருக்குத் தொந்தரவு தெரிகிறது. கண்புரை ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கருவிழியில் இந்த அளவோ அதற்கு மேலோ சிதறல் இருப்பதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எவ்வளவு என்பதோடு, எந்தத் திசையில் என்பதும் முக்கியம். கருவிழி மேல்-கீழாக அதிகம் வளைந்திருந்தால் அது ஒரு வகை. டாக்டர்கள் இதை ‘வித்-த-ரூல்’, அதாவது ‘விதிப்படி’ என்பார்கள். இளவயதில் பெரும்பாலானோருக்கு இப்படி இருப்பதால் அந்தப் பெயர். இடம்-வலமாக அதிகம் வளைந்திருந்தால் ‘அகெய்ன்ஸ்ட்-த-ரூல்’, ‘விதிக்கு மாறானது’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வயதான பலருக்கு இந்த ‘விதிக்கு மாறானது’தான் இருக்கும். அந்தப் பெயரை வைத்தவர்கள் எழுபது வயதுக்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

வயது ஏற ஏற வளைவு திரும்புகிறது

தன் கண்ணில் இருக்கும் இந்தக் குறையை முதன்முதலில் அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் தாமஸ் யங். அது 1801. அதற்குக் கண்ணாடி கண்டுபிடித்தவர் வானியலாளர் ஜார்ஜ் ஏரி. 1825-ல் தன் இடது கண்ணுக்குத் தானே கணக்குப் போட்டு, சிலிண்டர் லென்ஸ் ஒன்றைத் தயாரிக்க வைத்தார். இன்று கோடிக்கணக்கானவர்கள் போட்டிருக்கும் சிலிண்டர் கண்ணாடிக்கு அதுதான் தொடக்கம். ஆனால் ஏரி அதோடு விடவில்லை. பல வருஷ இடைவெளியில் அதே கண்ணைத் திரும்பத் திரும்ப அளந்து, அது மாறிவருவதைக் கட்டுரைகளாக எழுதினார். சிலிண்டர் பவர் ஒருமுறை வந்தால் அப்படியே நிற்காது என்பது, முதல் சிலிண்டர் கண்ணாடி போட்டவருக்கே தெரிந்திருக்கிறது!

பிற்பாடு ஆயிரக்கணக்கான கண்களை அளந்ததில் மாற்றத்தின் திசையும் தெரிந்துவிட்டது. இளவயதில் மேல்-கீழாக அதிகம் வளைந்திருக்கும் கருவிழி, நாற்பது ஐம்பது வயதுக்குப் பிறகு மெல்ல அந்த வளைவை இழக்கிறது. இடம்-வலமான வளைவு ஓங்குகிறது. சராசரியாக 10 வருஷத்துக்குக் கால் டயாப்டரைவிடச் சற்று அதிகம், அதாவது 0.3 டயாப்டர் அளவு. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும்.

ஏன் இப்படி? பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதிகம் பேசப்படுவது கண் இமை. இளவயதில் இமை இறுக்கமாக இருந்து கருவிழியை மேலிருந்தும் கீழிருந்தும் அழுத்துகிறது. பக்கவாட்டில் அழுத்தினால் பந்து நடுவில் புடைப்பதைப் போல, மேல்-கீழ் வளைவு கூடுகிறது. வயதாகும்போது இமை தளர்கிறது, அந்தப் பிடியும் தளர்கிறது. கருவிழித் திசுவே வயதோடு மாறுவதும் இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

0.3 டயாப்டர் என்பது சின்ன எண்தான். ஆனால் 60 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர் 80 வயதைத் தொடும்போது அது 0.6 ஆகிவிடும். ஏற்கெனவே கொஞ்சம் சிதறல் இருந்தால் கூட்டிப் பாருங்கள். பஸ் போர்டு மங்குவதற்கு அது போதும்.

அப்போ ஆபரேஷனுக்கு இதில் பங்கே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது முதல் சில மாதங்களோடு முடிந்துவிடுகிற பங்கு.

பந்தலை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்தியிருப்பார்கள் இல்லையா? ஒரு பக்கக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தத் திசையில் துணி தொய்ந்துவிடும். கருவிழி ஓரத்தில் வெட்டுப் போடும்போதும் இதுதான் நடக்கிறது. எந்தத் திசையில் வெட்டு விழுகிறதோ அந்தத் திசையின் வளைவு கொஞ்சம் தட்டையாகும். அதற்கு ஈடாகக் குறுக்குத் திசை வளைவு கூடும். வெட்டு எவ்வளவு பெரிதோ, கருவிழியின் நடுப்பகுதிக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, மாற்றமும் அவ்வளவு அதிகம்.

பழைய முறையில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை வெட்டித் தையல் போட்டார்கள். தையலை இறுக்கிப் போட்டால் முதலில் அந்தத் திசையில் வளைவு எக்கச்சக்கமாகக் கூடும். தையல் பிரித்த பிறகோ, நைலான் நூல் உள்ளேயே இற்றுப்போன பிறகோ எதிர்த்திசைக்குச் சாயும். இந்த ஊசலாட்டம் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடித்தது. “கண் ஆபரேஷன்னாலே கண்ணாடி மாத்திக்கிட்டே இருக்கணும்” என்ற பேச்சு அந்தக் காலத்தில் வந்ததுதான்.

1967-ல் அமெரிக்காவின் டாக்டர் சார்லஸ் கெல்மன் ஒரு மாற்றைக் கொண்டுவந்தார். பல் டாக்டர் பல்லைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து வந்த யோசனை அது. அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் இந்த முறையைத்தான் இன்று ‘பேகோ’ என்கிறோம். மக்கள் பாஷையில் ‘லேசர் ஆபரேஷன்’ என்பார்கள், ஆனால் இதில் லேசர் கிடையாது. இப்போதைய பேகோவில் வெட்டு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்தான். தையல் தேவைப்படுவதில்லை. கருவிழி வளைவில் ஏற்படும் மாற்றமும் பெரும்பாலும் அரை டயாப்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இவை இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதுதான் முக்கியம்.

மேலே வெட்டலாமா, பக்கத்தில் வெட்டலாமா?

1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992-ல் தொடங்கப்பட்டு லென்ஸ் விலையை அடியோடு குறைத்த அதன் ஆரோலேப் நிறுவனமும் கண்புரை சிகிச்சையை ஏழைகளிடம் கொண்டுசேர்த்த கதை உலகம் அறிந்தது. அதிக எண்ணிக்கையில், குறைந்த செலவில் செய்யும் இந்தச் சிகிச்சைக்குத் தோள் கொடுத்தது ‘சிறு துளை’ முறை. டாக்டர்கள் சுருக்கமாக ‘எஸ்.ஐ.சி.எஸ்.’ என்பார்கள். விலை உயர்ந்த பேகோ மெஷின் தேவையில்லை, தையலும் இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் சுரங்கம் மாதிரி வழி செய்து, 6 முதல் 7 மில்லிமீட்டர் திறப்பு வழியாகப் புரையை முழுசாக வெளியே எடுப்பார்கள். முற்றிப்போன கடினமான புரைக்கு இது நல்ல முறை. முகாம் மூலமாக வரும் நோயாளிகள் பலருக்குச் செய்யப்படுவது இதுதான்.

இதில் வெட்டு பேகோவைவிடப் பெரிது. அதனால் எந்தப் பக்கம் வெட்டுகிறார்கள் என்பது முக்கியமாகிறது. வழக்கமாகக் கண்ணின் மேல்பக்கம் வெட்டுவார்கள். டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து செய்ய வசதி, காயமும் மேல் இமைக்குள் மறைந்து பாதுகாப்பாக இருக்கும். ஆனால் பந்தல் கயிற்றை நினைத்துப் பாருங்கள். மேல்பக்கம் தளர்த்தினால் மேல்-கீழ் வளைவு தட்டையாகும், இடம்-வல வளைவு கூடும். வயது எந்தத் திசையில் தள்ளுகிறதோ அதே திசை!

மேல்பக்கச் சிறு துளை ஆபரேஷன், சராசரியாக 1 டயாப்டர் அளவிலோ அதற்கு மேலோ இடம்-வல வளைவைக் கூட்டக்கூடும். கண்ணின் வெளிப்பக்கமாக, அதாவது பொட்டுப் பக்கமாக வெட்டினால் மாற்றம் வெகுவாகக் குறைகிறது. அதுவும் எதிர்த்திசையில், வயதின் தள்ளலுக்குக் கொஞ்சம் ஈடுகொடுக்கும் திசையில் வருகிறது. மேல்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் சாய்வாக வெட்டும் வழக்கமும் உண்டு. ஏற்கெனவே இடம்-வல வளைவு அதிகமாக இருக்கும் நோயாளிக்கு வெட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளும் டாக்டர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். இதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை, நாற்காலியை நகர்த்திப் போட்டால் போதும்.

உடனே ஒரு கேள்வி வரும். மேல்பக்கம் வெட்டியவர்களுக்கு ஆபரேஷன் தப்பாகிவிட்டதா? இல்லை. புரை முற்றிக் கை விரலைக்கூட எண்ண முடியாமல் இருந்தவருக்கு, கண்ணாடி போட்டால் பேப்பர் படிக்கும் அளவுக்குப் பார்வை வந்தால் அது வெற்றிதான். என்ன, அந்தக் கண்ணாடியை வாங்கிப் போட வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து பவர் பார்க்க வரச் சொல்வார்கள். “இப்பவே நல்லா தெரியுதே” என்று அந்தத் தேதிக்குப் போகாமல் விடுகிறவர்கள்தான் இந்த 1 டயாப்டரை வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள்.

10 வருஷம், 20 வருஷம் பின்தொடர்ந்த ஜப்பான் ஆய்வு

காயம் ஆறி, கருவிழி ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பேகோ என்றால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் இது நடந்துவிடும். அதற்கப்புறம்?

இதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் இருக்கும் ஹயாஷி கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் கென் ஹயாஷி. தையல் இல்லாமல் கண்புரை ஆபரேஷன் செய்த கண்களை 10 வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து, ஆபரேஷனே செய்யாத கண்களோடு அவரது குழு ஒப்பிட்டது. 2011-ல் அந்த ஆய்வு வெளியானது. கிடைத்த பதில் இதுதான்: ஆபரேஷன் செய்த கண்ணில் கருவிழி தொடர்ந்து இடம்-வல வளைவை நோக்கி நகர்கிறது. ஆபரேஷன் செய்யாத கண்ணும் ஏறக்குறைய அதே அளவில் அதே திசையில்தான் நகர்கிறது. பிறகு 20 வருஷம் வரை பார்த்தபோதும் நகர்வு நிற்கவில்லை.

வெட்டியதால் கருவிழி பலவீனமாகி வருஷக்கணக்கில் வளைந்துகொண்டே போகிறது என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. ஆபரேஷனே செய்யாமல் இருந்திருந்தாலும் அந்தக் கருவிழி அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கும். புரை மறைத்துக்கொண்டிருந்ததால் அது தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

“எனக்கு முன்னாடி சிலிண்டரே இல்லையே?”

இது இன்னொரு பொதுவான குழப்பம். ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு வந்துவிட்டது. யாராக இருந்தாலும் டாக்டரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

கண்ணுக்குள் இயற்கையாக இருந்த லென்ஸிலும் கொஞ்சம் சிதறல் உண்டு. சிலருக்கு அது கருவிழியின் சிதறலுக்கு நேர் எதிராக இருந்து, ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொண்டிருக்கும். தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்பது போல. புரையோடு அந்த லென்ஸை எடுத்துவிட்டால் ஒரு தட்டு காலி. கருவிழியின் சிதறல் முழுசாக வெளியே தெரிய ஆரம்பிக்கும். இதனால்தான் ஆபரேஷனுக்கு முன் கண்ணாடி பவரை வைத்து முடிவெடுக்காமல், கருவிழியைத் தனியாக அளக்கிறார்கள். உங்கள் அளவுச் சீட்டில் ‘கே1’, ‘கே2’ என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 43, இன்னொன்று 44.5 என்றால் கருவிழிச் சிதறல் 1.5 டயாப்டர்.

அந்த எண்களிலும் ஒரு ஒளிவு உண்டு. சாதாரணக் கருவி கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் அளக்கும். பின்பக்கத்துக்கும் தனி வளைவு இருக்கிறது. சராசரியாக அது 0.3 டயாப்டர் அளவுக்கு ‘விதிக்கு மாறான’ திசையில் பார்வையைத் தள்ளுகிறது என்பதை 2012-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கும் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டக்ளஸ் காக் குழு எடுத்துக்காட்டியது. லென்ஸ் கணக்குப் போடும் விதமே அதற்குப் பிறகு மாறியது.

டோரிக் லென்ஸ்: இன்றைய கணக்கும் 20 வருஷக் கணக்கும்

சிதறலையும் சேர்த்துச் சரிசெய்யும் லென்ஸ் டோரிக் லென்ஸ். விலை சாதாரண லென்ஸைவிட அதிகம். “சிலிண்டர் இருக்கு, டோரிக் வச்சுக்கலாமா?” என்று கேட்டால் பல குடும்பங்கள் பர்ஸைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கின்றன. பர்ஸோடு சேர்த்து, சிதறல் எந்தத் திசையில் என்பதையும் கேட்பது நல்லது.

60 வயதில் இரண்டு பேர். இருவருக்கும் கருவிழிச் சிதறல் சரியாக 1 டயாப்டர். ஒருவருக்கு மேல்-கீழ் வளைவு அதிகம், இன்னொருவருக்கு இடம்-வல வளைவு அதிகம். முதல் ஆளுக்கு வருஷம் போகப் போக இயற்கையே சிதறலைக் குறைக்கும். பின்பக்க வளைவும் அவருக்கு உதவியாகவே இருக்கும். அவசரப்பட்டு அவருக்கு முழுசாகச் சரிசெய்தால், 70 வயதில் எதிர்ப்பக்கம் சாய்ந்து புதிய சிதறல் வரும். இரண்டாவது ஆளுக்கு எல்லாமே தலைகீழ். அவருடைய 1 டயாப்டர், பின்பக்கத்தையும் சேர்த்தால் இப்போதே அதைவிட அதிகம். இனியும் கூடத்தான் போகிறது. டோரிக்கால் அதிகப் பலன் இவருக்கு.

அதனால்தான் பல சர்ஜன்கள் சிதறலைச் சரியாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவராமல், மேல்-கீழ் பக்கம் துளி மிச்சம் வைத்துவிடுகிறார்கள். புதுச் சட்டை தைக்கும்போது வளரும் பிள்ளைக்குக் கொஞ்சம் துணி மடித்து விடுவதில்லையா, அந்த மாதிரி.

டோரிக் லென்ஸ் உட்காரும் கோணமும் முக்கியம். 1 டிகிரி திரும்பினால் சுமார் 3.3 சதவீதப் பலன் போகும். 10 டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு காலி. 30 டிகிரி திரும்பினால் டோரிக் வைத்தும் பயனில்லை. இப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலோ, சில நாட்களிலோ நடப்பது. ஆரம்பத்திலேயே பார்வை சரியில்லை என்றால் லென்ஸைத் திருப்பி வைக்க முடியும். பத்து வருஷம் கழித்து மெல்ல வந்த மங்கலுக்கு லென்ஸ் திரும்பியதுதான் காரணம் என்று முதலிலேயே முடிவு கட்ட வேண்டியதில்லை. அங்கே கருவிழியின் நகர்வுதான் முதல் சந்தேகம்.

கண்ணாடிச் சீட்டில் என்ன பார்ப்பது?

சீட்டில் மூன்று கட்டங்கள் இருக்கும்: ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ். சிலிண்டர் என்பது சிதறலின் அளவு. ஆக்சிஸ் என்பது திசை, 1 முதல் 180 வரை ஒரு எண். சிலிண்டர் மைனஸில் எழுதியிருந்து ஆக்சிஸ் 180-க்கு (அல்லது 10, 170 மாதிரி அதன் பக்கத்து எண்களுக்கு) கிட்டே இருந்தால், மேல்-கீழ் வளைவு அதிகம் என்று அர்த்தம். 90-க்குக் கிட்டே இருந்தால் இடம்-வல வளைவு அதிகம்.

ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த சீட்டில் ஆக்சிஸ் 180, இப்போதைய சீட்டில் 90 என்று இருந்தால் கடைக்காரர் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். வளைவு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். புதிய ஆக்சிஸில் கண்ணாடி போட்டால் முதல் சில நாட்கள் தரை சாய்ந்த மாதிரி, படிக்கட்டு உயர்ந்த மாதிரி தெரியலாம். வயதானவர்கள் அந்த நாட்களில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது அவசியம். ஒன்றிரண்டு வாரத்திலும் பழகவில்லை என்றால் பவரைத் திரும்பச் சரிபார்க்கலாம்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஓர் அட்டையில் குண்டூசியால் ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மங்கலாகத் தெரியும் கண்ணால் அந்த ஓட்டை வழியாகக் காலண்டரில் இருக்கும் தேதியைப் பாருங்கள். முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தால், மங்கல் கண்ணாடியால் சரியாகக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம். தெளியவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். இது ஒரு குறிப்புதான், டாக்டர் பரிசோதனைக்கு மாற்று இல்லை.

எல்லா மங்கலும் கருவிழியால் வருவதில்லை

ஆபரேஷன் செய்து சில மாதங்களிலிருந்து சில வருஷங்களுக்குள் வரும் மங்கலுக்கு இன்னொரு முக்கியக் காரணம், லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்பக்கத்தில் படலம் படர்வது. ‘புரை திரும்ப வந்துடுச்சு’ என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். யாக் லேசர் மூலம் சில நிமிடங்களில் இதைச் சரிசெய்துவிடுவார்கள். மக்கள் பேகோவுக்கு வைத்த ‘லேசர்’ என்ற பெயர் உண்மையில் பொருந்துவது இதற்குத்தான்.

வெயிலிலும் கடல் காற்றிலும் வேலை பார்த்தவர்களுக்கு மூக்கு ஓரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்து வருவதுண்டு. இதுவும் கருவிழி வளைவை மாற்றும். ஆனால் திசை வேறு: சதை வளரும் இடம்-வலத் திசை தட்டையாகி, மேல்-கீழ் வளைவு ஓங்கும். வயதானவருக்கு எதிர்பார்க்கும் திசைக்கு மாறாகச் சிலிண்டர் கூடினால் டாக்டர் இதையும் பார்ப்பார்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் விழித்திரையையும், ஐம்பதைத் தாண்டியவர்கள் கண் நீர் அழுத்தத்தையும் சோதிக்காமல் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடக் கூடாது. கண் நீர் அழுத்த நோயும் சத்தமில்லாமல்தான் பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. திடீரென்று பார்வை குறைவது, கண் சிவந்து வலிப்பது, மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிவது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைப்பது எல்லாம் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள். கருவிழியின் வயது நகர்வு ஒருபோதும் இப்படி அவசரமாக வராது.

கண் பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு காகிதங்களைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று, ஆபரேஷன் முடிந்ததும் எழுதிக்கொடுத்த முதல் கண்ணாடிச் சீட்டு. இன்னொன்று, டிஸ்சார்ஜ் அட்டை. உள்ளே வைத்த லென்ஸின் வகையும் பவரும் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கரை அதில்தான் ஒட்டியிருப்பார்கள். இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் பாக்கி இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் கண்ணின் கருவிழி இத்தனை வருஷத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று அந்தக் காகிதங்களை வைத்துத்தான், இரண்டாவது கண்ணில் எங்கே வெட்டுவது, டோரிக் தேவையா என்று டாக்டரால் கணக்குப் போட முடியும்.